நண்டு ஷெட்டில் ஒரு பாடு முறை

நண்டு ஷெட்டில் மேற்பார்வை என்பது, நாம் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று நாள் முழுக்கக் கவலைப்படும் வேலை. நாலு பேரை வைத்து வேலை வாங்கிய யாரும் இதைப் படித்து என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டீர்கள்.

பலகை

மஸ்கட்டில் ஒரு மீன் கம்பெனியில் பல வருடம் இருந்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் பழவேற்காட்டுக்குத் திரும்பினேன். தோணிரேவுப் பக்கம் ஒரு ஷெட்டில் மேனேஜர் வேலை கிடைத்தது. நண்டை அவித்து, சதை எடுத்து, பெட்டியில் அடைத்து, கோல்டு ரூமில் வைக்கும் பெண்கள் பதின்மூன்று பேர். முதல் நாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகையில் எழுதி, தரம், பொறுப்பு, கூட்டு முயற்சி என்று முக்கால் மணி நேரம் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கே என் பேச்சு பிடித்துப்போயிற்று.

முடித்ததும் தேசம்மா எழுந்தார். ஷெட்டில் மூத்தவர், எனக்குச் சித்தி முறை. "எல்லாம் நல்லாத்தான் சொன்னடி. இப்ப எந்தக் கூடைய மொதல்ல அவிக்கணும், அத்த சொல்லு."

முறை

யார் யாருக்கு உத்தரவு போடுவது என்று தினமும் சண்டை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஏரியில் நல்ல மீன் விழும் இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்று ஒருவர் பாடு என்றால் இன்னொருவர் வலை அங்கே இறங்காது. எங்கள் நைனாவுக்குப் பாடு உண்டு, அதனால் எனக்கு அது பழகிய நியாயம். ஷெட்டிலும் அப்படியே வைத்தேன். ஒரு நாளைக்கு ஒருத்தி பொறுப்பு. அன்று அவள் வைத்ததே சட்டம், கோல்டு ரூம் கதவையும் அவள்தான் திறக்கலாம்.

பன்னிரண்டு பெயர் எழுதினேன். பதின்மூன்றாவது செஞ்சம்மா. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற குடும்பம், அவர்களுக்கு ஏரியில் பாடு கிடையாது. கதவுக்குப் பக்கத்தில் உயிர் நண்டு பிரிக்கும் வேலை அவளுக்கு. அவள் பெயரை ஏன் விட்டேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. சண்டை நின்றது. முதல் நாள் பொறுப்பு மல்லிகாவுக்கு. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அறிவித்தாள்: "இன்னிக்கு என் பாடு. எவளாவது வாயத் தொறந்தீங்க, நண்டுக் கொடுக்கப் புடிச்சி வாயிலேயே வெப்பேன்!"

கொண்டி

மூன்றாவது மாதம், தேசம்மாவின் பாடு. காலையில் இரண்டு பெட்டியை வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று குளிர்கோட்டுப் போடாமல் கோல்டு ரூமுக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கக் கொண்டியை இழுத்தார். அது கழன்று கையோடு வந்துவிட்டது. தட்டியிருக்கிறார், கத்தியிருக்கிறார். கம்ப்ரசர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. லாரிப் பக்கம் போயிருப்பார் என்று எல்லோரும் வேலையைப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தவள் செஞ்சம்மா.

சித்தியின் உதடு நீலம் பாரித்திருந்தது. விரல்களைப் பிரிக்க முடியவில்லை. ஆட்டோவில் பொன்னேரிக்குக் கொண்டுபோனோம். பிழைப்பாரா என்று மாலைவரை டாக்டர் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மல்லிகா அழுதுகொண்டே சொன்னாள், கொண்டி ஆடுவதை அவள் முந்தின நாளே பார்த்திருக்கிறாள். "ஏன்டி சொல்லல?" என்று கத்திவிட்டேன்.

"நேத்து ராணி பாடுக்கா. அவ பாடுல நான் எப்டிக்கா கை வெக்கிறது?"

பெயர் இல்லாதவள்

மாலையில் சித்தி கண் திறந்து தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகுதான் செஞ்சம்மாவிடம் பேச எனக்குத் தெம்பு வந்தது. கோல்டு ரூம் வாசலில் சித்தியின் செருப்பு கிடந்ததாம், ஆளைக் காணோமாம், அதனால் திறந்தாளாம். "கதவைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தேனே, பயமா இல்லையா?" என்றேன். பாராட்டத்தான் கேட்டேன்.

என்னை நேராகப் பார்த்தாள். "எனக்குத்தான் பாடே குடுக்கலியேக்கா. யார் பாடுல நொழஞ்சா எனக்கு இன்னா?"

அறிக்கை

நடந்ததை எழுதித் தரச் சொன்னார் முதலாளி. தெரிந்தும் சொல்லாதவள் மல்லிகா. அவள் பெயரை எழுதினால் போதும், வேலையை விட்டு அனுப்பிவிடலாம் என்றார். இரண்டு நாள் எழுதாமல் வைத்திருந்தேன். கொண்டியைப் பார்த்தது மல்லிகா. ஆனால் பார்த்ததைச் சொல்வதற்கு முறை வைத்தது நான். சண்டையை நிறுத்தும் அவசரத்தில் பேச்சையும் நிறுத்தியிருந்தேன். அப்படியே எழுதி, காரணம் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன்.

முதலாளி இரண்டு தடவை படித்தார். "அப்ப நான் ஒங்களத்தான் மேடம் அனுப்பணும்."

ஒன்பதாம் நாள்

அவர் அனுப்பவில்லை; ஒரு வாரம் என் போனை எடுக்கவும் இல்லை. மல்லிகா வேலையில் இருந்தாள். பாடு முறையை எடுத்துவிட்டேன். எதைப் பார்த்தாலும் யாரும் சொல்லலாம், எந்தக் கதவையும் யாரும் திறக்கலாம் என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

ஒன்பதாம் நாள் சித்தி வந்தார். இடது கையில் இரண்டு விரலுக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை. நான் ஒட்டியதைப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டார். பிறகு குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு கோல்டு ரூமுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டார். செஞ்சம்மா எழுந்து கதவோரம் நின்றாள். புதுக் கொண்டி 'டக்'கென்று திரும்பியது. சித்தி வெளியே வந்தார்.

"ம். இதான் பேச்சு. செவுத்துல இருக்கிறத அப்பறம் படிச்சிக்கலாம்."

ஆளை நடத்தத் தெரிந்தவள் என்று எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்; கதவைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் நண்டு உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.