கிரண் கைக்கு வந்த பந்து

ஆஸ்டின் டவுனில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்சந்தில் இருக்கும் சந்திரம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சங்கமித்ரா. அவளைவிட மூன்று வயது இளையவன் கிரண். புருஷன் பச்சைமுத்து பம்பு ஆபரேட்டராக இருந்து, ஏழு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். அவர் போன விதத்தைச் சொல்லாமல் இந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல முடியாது.

குடல் வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தார் மனுஷன். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், பிழைப்பது உறுதியில்லை, சொந்தக்காரர் யாராவது கையெழுத்துப் போடுங்கள் என்று டாக்டர் ஒரு தாளை நீட்டினார். சந்திரம்மா மயங்கிக் கிடந்தாள். பெரியப்பா, கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். சித்தப்பா, அண்ணன் இருக்கும்போது நான் எப்படி என்றார். கோலாரிலிருந்து வந்த தாய்மாமன், பங்காளிகள் விஷயத்தில் நான் தலையிடக்கூடாது என்று நகர்ந்துகொண்டார். தாள் கைமாறிக் கைமாறி, பதினெட்டு முடிந்து இருபது நாள்கூட ஆகாத கிரண் கையில் வந்து நின்றது. நர்ஸ் கடியாரத்தைப் பார்த்தாள். அவன் போட்டுவிட்டான். பச்சைமுத்து ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டார்.

அதற்குப் பிறகு நல்லது கெட்டது எங்கே கூடினாலும் பெரியப்பா வாயில் ஒரே பேச்சுதான்: "சின்னப் பையன், அவசரப்பட்டு கையெழுத்து போட்டுட்டான்." கிரண் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவான்.

அந்தப் பந்துதான் அவனுக்குச் சோறும் போட்டது. ஒரு பேரிங் தொழிற்சாலை தன் கூடைப்பந்து அணிக்காக அவனை ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. காலையில் ஸ்டோரில் வேலை, மாலையில் ஆட்டம். நாலாவது வருஷமும் அணியில் பேர் இருந்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். சந்திரம்மா அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

சங்கமித்ராவின் வேலையை அந்தச் சந்தில் யாருக்கும் விளங்கவைக்க முடியாது. அமெரிக்காவில் நடக்கும் கூடைப்பந்து ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் பார்த்து, ஒவ்வொரு முறை பந்து கிடைத்தபோதும் அது எந்த வகை ஆட்டமாக முடிந்தது என்று குறிக்க வேண்டும். எதிரணி திரும்புவதற்குள் ஓடிப்போய்ப் போட்டது ஒரு வகை. கூட்டாளி மறித்து நிற்க, அவனைச் சுற்றிக்கொண்டு போனது ஒரு வகை. மற்றவர்கள் விலகி நிற்க, ஒருவன் தனியாக எதிராளியோடு மோதுவது ஐசோலேஷன். வகைக்கு இத்தனை பாயிண்ட் என்று கடைசியில் கணக்கு விழும்.

"படம் பாக்குறதுக்குச் சம்பளம் குடுக்குறாங்களா? நம்மம்மா கூடத்தான் நாள் பூரா சீரியல் பாக்குது, அதுக்கும் ஒரு அப்ளிகேஷன் போடுக்கா" என்பான் கிரண்.

"அதை நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்டா" என்பாள் சந்திரம்மா அடுப்படியிலிருந்து.

கிரணின் அணிக்கு ஒரு சாபக்கேடு இருந்தது. லீக் ஆட்டங்களில் எல்லோரையும் அடித்துத் துவைத்துவிட்டு வரும். தோற்றால் வெளியேற வேண்டிய பிளே-ஆஃப் வந்ததும் கைகால் விளங்காமல் போய்விடும். மூன்று வருஷமும் இதே கதை. கோச் ரங்கா, அல்சூரில் நாலு தலைமுறையாக இருக்கும் குடும்பத்து மனிதர், சங்கமித்ராவின் வேலையைக் கேள்விப்பட்டு நேரே வீட்டுக்கே வந்தார்.

"அமெரிக்காக்காரனுக்குப் பண்றே, நம்ம பசங்களுக்குப் பண்ண மாட்டியாம்மா? மூணு வருஷ வீடியோ இருக்கு. ரோகம் எங்கேன்னு சொல்லு, போதும்."

லீவு நாள் எல்லாம் உட்கார்ந்து குறித்தாள். ஆபீசில் பழகிய கை அது. நடுவில் நடப்பதை வேகமாக ஓட்டிவிடு, பந்து யார் கையில் எப்படி முடிந்தது என்று மட்டும் பார், அப்போதுதான் ஒரு நாளைக்கு நாலு ஆட்டம் முடிக்க முடியும் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதே போல ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். ரோகம் பளிச்சென்று தெரிந்தது. லீக்கில் பத்துக்கு ஒன்றாக இருந்த ஐசோலேஷன், பிளே-ஆஃபில் நாலுக்கு ஒன்றாகியிருந்தது. பிளே-ஆஃபில் நாற்பத்து நாலு முறை அப்படி ஆடியதில் முப்பத்தொன்று கிரண் ஒருவனே. அந்த முப்பத்தொன்றில் கிடைத்தது பத்தொன்பது பாயிண்ட்.

தம்பி என்று பார்த்து மாற்றி எழுதலாமா என்று இரண்டு நாள் கிடந்து தவித்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் தாளை அவனிடமே நீட்டினாள். நின்றபடியே படித்தான். நெடுநேரம் படித்தான்.

"சரியாத்தான்கா இருக்கு. குடுத்துடு."

"உனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"நீ எழுதினதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

கொடுத்துவிட்டாள். ஒரு மாதத்தில் அணிப் பட்டியல் வந்தது. கிரண் பேர் இல்லை. ஒப்பந்தமும் அதோடு முடிந்தது. சந்திரம்மா அன்றைக்குச் சோறு பொங்கவில்லை. மகளை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கிரண் சந்தாபுராவில் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றும் வேலை பிடித்து, அங்கேயே ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகும்போது பந்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனான்.

இரண்டு மாதம் கழித்து ஆபீசில் டீம் லீடர் நிருபமா புதிதாக ஒரு கட்டம் சேர்த்தாள்.

"இனிமே ஒரு நாளைக்கு நாலு ஆட்டம்லாம் வேணாம், மெதுவா பண்ணுங்க. பந்து அவன் கைக்கு வர்றப்போ கிளாக்ல எத்தனை செகண்ட் மிச்சம்னு போடணும். ரெண்டு செகண்ட் மிச்சத்துல எறிஞ்சவனையும் இருபது செகண்ட் வச்சிருந்தவனையும் ஒண்ணா வைக்காதீங்க."

சங்கமித்ராவின் கை அப்படியே நின்றுவிட்டது. பந்து கிடைத்த இருபத்து நாலு விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். பலகைக்கு மேலேயே கடியாரம் ஓடும். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய வீடியோக்களைப் போட்டாள். இந்த முறை ஓட்டவில்லை. முதலிலிருந்து பார்த்தாள். ஒருவன் தட்டிக்கொண்டு நிற்பான், எறியப் பயந்து அடுத்தவனுக்குக் கொடுப்பான். அவன் இன்னொருவனுக்கு. அவன் ஒரு அடி வைத்துப் பின்வாங்குவான். நாலு விநாடி, மூன்று விநாடி இருக்கும்போது பந்து கிரணிடம் வந்து விழும். இரண்டு பேர் அவன் மேல் பாய்வார்கள். அவன் எறிவான். முப்பத்தொன்றில் இருபத்தாறு இப்படி. அதில் வந்தது பன்னிரண்டு பாயிண்ட். நேரத்தோடு பந்து கிடைத்தது ஐந்தே தடவை. அந்த ஐந்தில் ஏழு பாயிண்ட் எடுத்திருந்தான். அணியில் வேறு எவனுக்கும் அந்த விகிதத்தில் பாயிண்ட் விழவில்லை.

மறுநாளே ரங்காவிடம் ஓடினாள். அவர் தாளை இரண்டு தடவை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆய்த்தும்மா, முடிஞ்சுபோச்சு. அவன் இடத்துல வேற பையனைப் போட்டாச்சு, மேனேஜ்மென்ட் சைனும் ஆயிடுச்சு. இதை முன்னாடியே பாத்திருக்கக் கூடாதா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "நானும் பெஞ்சுலதானே உக்காந்திருந்தேன். நானே பாத்திருக்கணும்."

அவர் வாசலில் நின்றே கிரணுக்குப் போன் போட்டாள். லாரி சத்தத்துக்கு நடுவே எடுத்தான். சொன்னாள்.

"தெரியும்கா. பந்து வர்றப்பவே கிளாக்கைப் பாத்துட்டுத்தான் வாங்குவேன்."

"தெரிஞ்சும் ஏண்டா அன்னிக்கு வாயத் திறக்கல?"

"சொன்னா சாக்கு சொல்றான்னுவாங்க. எறிஞ்சது நான்தானே. விடுக்கா, வண்டி வந்துடுச்சு."

அந்த மாதக் கடைசியில் பச்சைமுத்துவின் நினைவு நாள் வந்தது. புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, வெள்ளைத் துணி விரித்து, பங்காளிகளும் தாய்மாமனும் உட்கார்ந்திருந்தார்கள். கிரணுக்கு லீவு கிடைக்கவில்லை. சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது பெரியப்பா ஆரம்பித்தார்.

"வேலையும் போச்சாமே. அவன் கை ராசி அப்படி. அன்னிக்கும் அவசரப்பட்டு கையெழுத்து..."

"பெரியப்பா."

சங்கமித்ரா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு நீங்க கண்ணாடி இல்லன்னு சித்தப்பா கையில குடுத்தீங்க. சித்தப்பா மாமாகிட்ட குடுத்தாரு. மாமா யார்கிட்ட குடுத்தாரு, ஞாபகம் இருக்கா?"

தாய்மாமன் வெற்றிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட. எனக்கு அப்போ இருபத்தொண்ணு. பெரியவ நான்தான். கை நடுங்குதுன்னு நான்தான் அவன் கையில திணிச்சேன். நர்ஸ் நேரமாச்சுன்னு சொன்னதுக்கப்புறம் திணிச்சேன்."

சந்திரம்மா மகளையே பார்த்தாள். அந்த நேரத்தில் மயங்கிக் கிடந்தவளுக்கு இது தெரியாது.

"இனிமே அவனைச் சொல்லாதீங்க" என்றாள் சங்கமித்ரா. ஏழு வருஷமாக அவன் கேட்டிருக்க வேண்டிய பேச்சு. கேட்பதற்கு அவன் அங்கே இல்லை. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து வெற்றிலையைத் துப்பப் போனார்.