சித்தி தொட மறுத்த மங்கு

ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் பீங்கான் கிண்ணத்துக்கு எங்கள் தோட்டத்தில் மங்கு என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டு என் சித்தி வாளியைக் கீழே வைத்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1920-களின் கடைசி, மலாயாவில் டுரியான் துங்காலுக்கு அருகே இருந்தோம். சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு சேலத்திலிருந்து கப்பலேறி வந்த சித்திக்கு அன்றுதான் வேலையில் முதல் நாள். “மங்கத் தொடச்சு வையி புள்ள” என்றார் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி.

சித்தி அசையவில்லை. ஏழரைச் சனியின் முதல் சுற்றை மங்கு சனி என்பார்கள். அது பிடித்திருந்த காலத்தில்தான் அவளுடைய அப்பா செத்தார், கல்யாணமும் தள்ளிப்போனது. “இப்பத்தான் அது என்னய விட்டுச்சு. மறுபடியும் நானே கையால எடுக்கவா? எம் புருசனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?” என்றாள்.

கங்காணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலை செய்யாதவளுக்குத் தொழிலாளர் லயத்தில் வீடு எதற்கு, நாளைக்கே இரண்டு பேரும் மூட்டையைக் கட்டுங்கள் என்று கத்தினார். சித்தப்பா பயந்துபோய், “எல்லாரும் தொடறதுதான், நீயும் தொட்டுட்டுப் போயேன்” என்று கெஞ்சினார். சித்தி மசியவில்லை. “அப்ப அதுக்கு அர்த்தம் என்ன? சொல்லுங்க, எடுக்கறேன்.” கங்காணிக்கே தெரியவில்லை. சுற்றி நின்றவர்களுக்கும் தெரியவில்லை. தினமும் வாயில் புழங்கிய வார்த்தைதான், ஆனால் யாரும் அதைக் கேட்டுப் பார்த்ததில்லை.

அன்று அர்த்தம் கேட்டு லயத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பலிக்கவில்லை. மாலையில் சித்தப்பாவை இழுத்துக்கொண்டு கம்பம் என்று நாங்கள் சொல்லும் பக்கத்து மலாய்க் கிராமத்தில் கஞ்சி விற்கும் மலாய்க்கார அம்மாளிடம் போனாள். சித்தப்பா மலாயில் கேட்டு முடிப்பதற்குள் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, “மங்கோக் லா!” என்று கஞ்சி ஊற்றும் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினாள். “கிண்ணமா? வெறும் கிண்ணமா?” என்று சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். மறுநாள் முதல் ஆளாக வேலைக்குப் போய்விட்டாள். வீடும் தங்கியது.

புரியாத வார்த்தைக்குப் புரிந்த மாதிரி தலையாட்டுகிறவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்குச் சித்தியின் ஞாபகம்தான் வரும். அவளைப் பிடிவாதக்காரி என்றார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

அந்த வாரமே கங்காணி எங்கள் வாசலுக்கு வந்தார். விடியலில் ஆட்களை நிற்கவைத்து அவர் ஒவ்வொருவர் பேராகக் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர்.

“ஏம்மா, இந்தப் பெரட்டுன்னா என்னா? என்னய யாரும் புரட்டுக்காரன்னு சொல்றாங்களா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“தெரியல கங்காணி ஐயா, விசாரிச்சுச் சொல்றேன்” என்றாள் சித்தி. “அதுவரைக்கும் எதுக்கும் நேர்மையாவே கூப்பிடுங்க.”