நரிப்பொத்தையில் வைத்த தீ

ஐம்பத்தேழாம் வருஷம் நரிப்பொத்தைக்குத் தீ வைக்கலாம் என்று முதலில் சொன்னவர் கண்ணுச்சாமிதான். வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரியில் கடலை போட்டுப் பிழைத்தவர். ஊரில் அவர் பேச்சு எடுபடும். பொத்தை என்பது ஊருக்கு மேற்கே நின்ற சிறு மலை. உசிலையும் வெள்வேலும் இலந்தைப் புதரும் அதில் அடைந்து கிடக்கும். அங்கிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கி, முற்றிய கடலைச் செடிகளைக் கிண்டிப் போட்டுவிட்டுப் போகும்.

பொத்தையின் அடிவாரத்தில், பாறையை ஒட்டி, அவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்களின் குடிசைகள் இருந்தன. அவர்களில் ஒருவனான சுடலையின் மனைவி அய்யம்மாள் மட்டும் தடுத்தாள்.

“வேண்டாம்யா. எங்க வீடெல்லாம் அங்கனதான இருக்கு.”

“ஒன் கூரையில ஒரு பொறி விழுந்தா என்னையக் கேளு” என்றார்.

சொன்னபடி குடிசைகளைச் சுற்றிக் காய்ந்த புல்லையெல்லாம் செதுக்கி, தண்ணீர்க் குடங்களோடு ஆட்களை நிறுத்தினார். பொத்தை எரிந்து அடங்கும்வரை கூரைகளில் ஒரு பொறிகூட விழவில்லை. பன்றிகள் ஓடிப்போயின. அந்த வருஷக் கோயில் பொங்கலில் அவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். நெஞ்சை நிமிர்த்தி ஏற்றுக்கொண்டார்.

கருகிய மரங்களை ஊரே விறகுக்கு வெட்டிக்கொண்டு போனது. மழைக்குத் தளிர்த்ததை ஆடுகள் கடித்தன. பிடிப்பற்ற மண்ணை அடுத்த மழை அடித்துப்போக, வெறும் பாறை வெளியே வந்தது. கண்ணுச்சாமி தினமும் பார்த்தார். எதுவும் தோன்றவில்லை.

மூன்றாவது கோடையில் உழவுக்கு ஆள் கூப்பிடக் குடிசைகளுக்குப் போனார். பொழுது அடைந்திருந்தது. எல்லோரும் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஏலே சுடலை, எல்லாரும் எங்கலே கெளம்பிட்டீக?”

“கம்மாக் கரைக்குய்யா, படுக்கத்தான். இங்கன அனல் தாங்கல.”

நம்பாமல், வீட்டுக்குப் பின்னாலிருந்த பாறையில் கை வைத்துப் பார்த்தார். வெயில் போன பிறகும் அடுப்புக்கல்லாகச் சுட்டது. கையை வெடுக்கென்று எடுத்தார். அய்யம்மாளின் இடுப்பிலிருந்த குழந்தைக்கு முதுகெல்லாம் வேனல் கட்டி. துணி பட்டாலே அழுதது.

“முன்னாடியும் இப்படித்தானா?”

“மரம் நின்னப்ப இல்லய்யா” என்றான் சுடலை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, “பயிரு பாழாப் போகுதேன்னுதான செஞ்சீக” என்றும் சொன்னான்.

ஏசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பார். இந்த ஆறுதலை அவரால் தாங்க முடியவில்லை. உழவைப் பற்றிக் கேட்காமலே திரும்பிவிட்டார்.

கிணற்றடியில் அவருக்குப் புளியந்தோப்பு உண்டு. அங்கே அவர்களைக் குடிசை போடச் சொல்லலாமா என்று மனைவி வெள்ளைத்தாயிடம் கேட்டார்.

“அவுகளக் கெணத்தடியில குடிவச்சா, நம்ம சனம் என்ன பேசும்?” என்றாள்.

அவருக்குள்ளும் அந்தப் பயம்தான் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே அடுத்த கோடையும் போயிற்று.

அறுபத்தொன்றில் சுடலை குடும்பம் சிவகாசிக்குத் தீப்பெட்டிக் கம்பெனி வேலைக்குக் கிளம்பியது. கூரைக் கம்புகளை வண்டியில் ஏற்றும்போது கண்ணுச்சாமி வந்து நின்றார்.

“தோப்புல வந்து இருங்க, சுடலை.” அவரையறியாமல் ‘ஏலே’ போய் மரியாதை வந்துவிட்டது.

சுடலை கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னான்: “கம்பெனியில வரச் சொல்லிட்டாகய்யா. போன வருசமே சொல்லியிருந்தா இருந்திருப்போம்.”

பின்னாலேயே மற்ற வீடுகளும் காலியாயின. கண்ணுச்சாமி பொத்தையின் ஒரு சரிவுக்கு முள்வேலி அடைத்தார். சில உசிலங்கன்றுகள் முழங்கால் உயரம் வந்தன. எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களிடம் “சும்மாதான்” என்று சொல்லி நகர்ந்துவிடுவார். சிவகாசிக்குப் போனாலும் சுடலை குடும்பம் குடியிருந்த தெருவைத் தவிர்த்து, சுற்றுவழியாகவே நடப்பார்.