மேலுக்கு முடியலை

நான் பஸ் ஓட்டும் இங்கிலாந்து நகரத்தில், ஏறுகிற ஆளெல்லாம் "ஆல் ரைட்?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரப் போகிறார்கள். போன புதிதில், ஆகா, என்ன பாசம் என்று பூரித்துப்போய், ராத்திரி தூக்கமில்லை, கால் வீங்கியிருக்கிறது என்று ஒரு பெரியவரிடம் விலாவாரியாகப் பதில் சொன்னேன். மனுஷன் மிரண்டுபோய் பஸ்ஸின் மாடிக்கே ஏறிவிட்டார். அது கேள்வியே இல்லை, வணக்கம் மாதிரி ஒன்று என்று பிறகுதான் புரிந்தது. நிஜமாகவே உடம்பு கெட்டபோது யாரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் முழித்தேன்.

என்ன கெட்டதென்று எனக்கே விளங்கவில்லை. மற்றவர்கள் வெறும் சட்டையோடு இருக்கும் அறையில் எனக்கு மட்டும் குளிர்ந்தது. சாப்பாட்டைக் குறைத்தும் தொந்தி வளர்ந்தது. சிக்னலில் நின்றால் கண் செருகியது. பின்னால் ஒரு பஸ் நிறைய ஜனம். பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன். உடம்பைப் பற்றி இங்கிலீஷில் பேச எனக்கு வாய் வராது என்பதால், போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்தார்கள். "மேலுக்கு முடியலைங்க, மேலெல்லாம் வலிக்கு" என்றேன். ராஜபாளையத்தில் மேல் என்றால் உடம்பு. அந்தம்மா எந்த ஊரோ, உடம்பின் மேல்பகுதியில் வலி என்று சொல்லிவிட்டார். டாக்டர் என் தோளை அமுக்கிப் பார்த்து, கையைச் சுழற்றும் பயிற்சி கொடுத்தனுப்பினார். நானும் மடையன் மாதிரி குளிர்காலம் முழுக்கச் சுழற்றினேன்.

பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைராய்டு என்று தெரிந்தது. மாத்திரை போட்டும் அசதி விட்டபாடில்லை. கார்டிசோல் என்னும் இன்னொரு சுரப்பும் தாறுமாறாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். காரணம் தெரியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டிப்போவில் உட்காரவைத்துவிட்டார்கள். அங்கே சோதனைக்குக் காத்திருக்கிற வரிசை நீளம். நம்மூரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விமானம் ஏறினேன்.

ராஜபாளையத்தில் அக்கா வீட்டில் இறங்கி, "மேலுக்கு முடியலைக்கா" என்றதும் அவள் பாயை விரித்துவிட்டாள். ஒரு கேள்வி கிடையாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் தைராய்டு என்றதும் சிரிக்கிறாள்.

"ஏலே, அது பொம்பளையாளுகளுக்கு வாரதுல்ல? ஒனக்கு எப்படிலே வந்துச்சு?"

"வந்துருச்சே, என்ன செய்ய?"

"அம்புட்டும் அந்தக் குளிர்ல கெடந்ததுனால வந்தது. பேசாம இங்கனயே இருந்துரு."

அவள் விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ, எனக்குச் சுருக்கென்றது. சுரப்பிதான் காரணம் என்றால் மருந்து இருக்கிறது. அந்த ஊர்தான் காரணம் என்றால், நான் அங்கே பாடுபட்டு உண்டாக்கிய பிழைப்பு அவ்வளவும் தப்பா? நோய் கழுத்தில் இருக்கிறதா, போன இடத்தில் இருக்கிறதா என்று குழம்பிக்கொண்டே படுத்திருந்தேன்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் பிடித்துப் போய், காலை எட்டு மணிக்கு லேபில் ரத்தம் கொடுத்தேன். அந்த நேரத்தில் கார்டிசோல் உச்சத்தில் இருக்க வேண்டுமாம். சாயங்காலம் ரிசல்ட் வந்தது. எனக்கு அடிமட்டத்தில் கிடந்தது. இனி பஸ் ஓட்டினாற்போலத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

லேபுக்கு அடுத்த கட்டடத்தில் இருந்த டாக்டரிடம் போனேன், என்னைவிடச் சின்னவர். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஊருக்கு என்னைக்கு வந்தீங்க?" என்றார்.

"நேத்துத்தான்."

"அப்ப இது செல்லாது. நமக்குக் காலை எட்டு, ஒங்க உடம்புக்கு நடுச்சாமம். உடம்பு இன்னும் அங்கனதான் இருக்கு. அது வந்து சேர ரெண்டு வாரமாவது ஆகும், பொறவு எடுப்போம்."

"அதுக்குள்ள நான் திரும்பிப் போகணுமே டாக்டர். அங்க போயி எடுத்துக்கிடட்டுமா?"

அவர் ரிசல்ட்டை மடித்து என் கையில் கொடுத்தார். "போன ஒடனே எடுக்காதீங்க. அப்ப உடம்பு இங்கன இருக்கும்."

வெளியே வந்தபோது டிப்போ மேலாளரிடமிருந்து செய்தி வந்திருந்தது. ரிசல்ட் என்ன என்று கேட்டிருந்தார். இதை எப்படி இங்கிலீஷில் விளக்க? 'என் உடம்பு இன்னும் வந்து சேரவில்லை' என்று மட்டும் அடித்து அனுப்பினேன்.

'எங்கே?' என்று உடனே பதில் வந்தது.

பஸ் ஸ்டாண்டில் நின்றபடி அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜபாளையம் பஸ் வந்தது, போயும்விட்டது.