எண்பதில் நடுங்கிய ஸ்டியரிங்

அண்ணி இறந்த செய்தி கேட்டு வந்தவர்களில் பாதிப்பேர் அவரைப் பேருந்து நிலைய டிக்கெட் கவுண்டரில் பார்த்தவர்கள். "கேட்டதையே திரும்பக் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டாங்க" என்று ஒருவர் சொன்னார். உண்மைதான். ஆனால் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தது கடைசிச் சில வருடங்கள் மட்டுமே. அதற்கு முன் அவர் டிரைவர். யாரும் அதைச் சொல்லாததால் நான் எழுதுகிறேன்.

என் கணவருக்கு அக்கா அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தமாக ஒரு வெள்ளைக் கார் வைத்திருந்தார். டயாலிசிஸுக்குப் போகிறவர்களை வீட்டு வாசலில் ஏற்றி, நெடுஞ்சாலை வழியாகப் பக்கத்து நகரத்து மருத்துவமனையில் விட்டு, முடியும்வரை காத்திருந்து திரும்ப அழைத்து வருவார். பின் இருக்கையில் ஒரு தலையணை, காலடியில் மூடி போட்ட வாளி, ஜன்னலுக்கு அவரே தைத்த திரை. முன் இருக்கை ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு. வேறு யாரும் அதில் உட்காரத் துணிய மாட்டார்கள்.

"பிரேக் போடுறதே தெரியலையேம்மா. வண்டி ஓடுதா, நிக்குதா?" என்பார் வாத்தியார்.

"இறங்கிப் பாருங்க சார், தெரிஞ்சிடும்" என்பார் அண்ணி.

என் கணவருக்குச் சந்தைத் தெருவில் டயர் கடை. அக்கா காரின் துருப்பிடித்த இரும்பு வீல்களைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு மானம் போகும். "டயர்க்காரன் அக்கா வண்டி இப்படியான்னு தெருவே சிரிக்குது." ஒருநாள் அவராகவே புது அலாய் வீலும் புது டயரும் மாட்டிவிட்டார். அண்ணி காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எனக்கே நகை போட்ட மாதிரி இருக்குடா" என்றார்.

மறுவாரமே கடைக்கு வந்தார். சாப்பாடு கொண்டுபோன நானும் அங்கே இருந்தேன்.

"எண்பதைத் தாண்டினா ஸ்டியரிங் நடுங்குதுடா. அறுபதுல ஒண்ணும் இல்ல."

என் கணவர் அலட்சியம் செய்யவில்லை. எல்லாச் சக்கரத்தையும் கழற்றி பேலன்ஸ் மெஷினில் சுற்றவிட்டார். குறை ஏதுமில்லை என்று பூஜ்யம் காட்டியது. அலைன்மென்ட் பார்த்தார். முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றினார். பிறகு தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். அந்த நெரிசலில் நாற்பதைத் தொட்டாலே பெரிய விஷயம். ஸ்டியரிங் அசையவே இல்லை.

அண்ணி மறுபடி வந்தபோது கடையில் கூட்டம். "ஹைவேல ஒரு தடவை நீயே ஓட்டிப் பாரேன்டா" என்றார்.

"மெஷின் பொய் சொல்லுமாக்கா?" ஸ்பேனரும் கையுமாகச் சிரித்தார் என் கணவர். "அம்மா மாதிரி உனக்கும் கை ஆட ஆரம்பிச்சிடுச்சோ என்னவோ."

அண்ணியும் சிரித்தார். ஒருவரை ஒருவர் கிண்டல் செய்யாத நாளே அவர்களுக்குக் கிடையாது.

ஆனால் அவர்கள் அம்மாவின் கைநடுக்கம் விளையாட்டல்ல. ஐம்பது வயதில் தொடங்கியது. கடைசியில் ஒரு தம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. கூடவே இருந்து ஊட்டிவிட்டது அண்ணிதான். இப்போது அண்ணிக்கும் ஐம்பது.

அதன்பின் அவர் ஸ்டியரிங்கைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் தம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, கையை நீட்டிப் பிடித்து, அதையே உற்றுப் பார்ப்பார். அப்படிப் பார்த்தால் யார் கையிலும் தண்ணீர் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். நான் கவனிப்பது தெரிந்தால் மடமடவென்று குடித்துவிடுவார். தாகம் என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒருநாள் வாத்தியார் வீட்டிலும் மற்ற வீடுகளிலும் வேறொரு டிரைவரின் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தார். எங்களிடம், "முதுகு வலிக்குது, போதும்" என்றார். கார் எங்கள் கொட்டகைக்கு வந்தது. அவர் கவுண்டருக்குப் போனார்.

அடுத்த வருடம் ஒருவர் காரை விலைக்குக் கேட்டார். அவரிடம் காட்டுவதற்காக என் கணவர் அதை நெடுஞ்சாலையில் ஓட்டிப் போனார். எண்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கியது. முதலில் தன் கையைத்தான் பார்த்தாராம். ஒரு கையை எடுத்துப் பார்த்தாராம், பிறகு மறு கையை. பாதி வழியில் திரும்பிக் கடைக்கு வந்து சக்கரத்தைக் கழற்றினார்.

அலாய் வீலின் நடு ஓட்டை, அது உட்காரும் அச்சு முனையைவிடப் பெரியது. அந்த இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போட வேண்டும். போடாவிட்டால் சக்கரம் மயிரிழை தள்ளி உட்காரும். மெதுவாகப் போகும்போது தெரியாது, வேகத்தில் காட்டிக்கொடுக்கும். பேலன்ஸ் மெஷின் சக்கரத்தைச் சரியாக நடுவில் பிடித்துச் சுற்றுவதால் அங்கே குறை தெரியவில்லை. வீல்கள் வந்த அட்டைப்பெட்டி கடைப் பரணிலேயே கிடந்தது. அதன் அடியில் வளையங்கள் இருந்தன, உறைகூடப் பிரிக்காமல்.

வளையங்களை மாட்டிக்கொண்டு மறுபடி நெடுஞ்சாலைக்குப் போனார். நூறில்கூட நடுக்கம் இல்லை. வீட்டுக்கு வந்தவர், கிரீஸ் கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். "தனியாப் போக முடியல, நீயும் வா" என்று என்னை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்.

அண்ணி முழுவதையும் கேட்டார்.

"அப்போ என் கை?"

"உன் கைக்கு ஒண்ணும் இல்லக்கா. நான்தான்..."

"நீ விளையாட்டுக்குச் சொன்னே. நிஜம்னு எடுத்துக்கிட்டது நான்." உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். "தினமும் ஆஸ்பத்திரி வாசல்லதான்டா நின்னேன். உள்ள போய் ஒரு டாக்டர்கிட்ட கேக்க பயமா இருந்துச்சு."

என் கணவர் அழுதார். அண்ணி அவருக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் அண்ணி காரை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். எண்பது, தொண்ணூறு. நூல் பிடித்தாற்போல் போனது. முன்பெல்லாம் இரண்டு விரலால் ஓட்டுகிறவர், இப்போது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார்; விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. ஓர் ஓரமாக நிறுத்தினார்.

"மறுபடி ஆரம்பிங்க அண்ணி" என்றேன். "வாத்தியார்கிட்ட சொன்னா அவரே எல்லாரையும் கூட்டிட்டு வந்துடுவார்."

"வாத்தியார் போன மாசம் தவறிட்டார்மா."

எனக்கு அது தெரியாது.

"கை நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா இவ்வளவு தூரமும் நான் ரோட்டைப் பாக்கல. கையைத்தான் பாத்துட்டே வந்தேன். இப்படி ஓட்டுறவ நோயாளியை ஏத்தக் கூடாது. வித்துடச் சொல்லு."

இறங்கிச் சுற்றி வந்து, என்னை ஓட்டச் சொன்னார். எனக்கு லைசென்ஸ் இருந்தது, பழக்கம் இல்லை. உருட்டிக்கொண்டு வந்தேன். நான் பிரேக் போட வேண்டிய ஒவ்வோர் இடத்திலும், எனக்குச் சற்று முன்னால், அவருடைய வலது கால் மட்டும் தரையை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தது.