படலைக்கு வெளியே நின்றவர்கள்

வழக்கமாக இந்த வாரப் பத்திரிகைப் பக்கத்தில் என் ஸ்கூட்டரையோ கரண்ட் பில்லையோ திட்டிக்கொண்டிருப்பேன். இந்தக் கிழமை சிரிக்க வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை கப்பல்துறையில் ஒரு செத்தவீடு. போனவர் என் பெரியப்பாவின் மகன். நேசன் அண்ணா என்று வைத்துக்கொள்ளுங்கள் – பெயர்களை மாற்றியிருக்கிறேன், நடந்ததை மாற்றவில்லை. அண்ணி “எழுது” என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

பந்தல் நிறையச் சொந்தக்காரர். வாசல் படலைக்கு வெளியே, ரோட்டோரம், நாலைந்து பேர் வெயிலில் நின்றார்கள். உள்ளே வரவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் மனிதர், குடையை விரிக்காமல் கையில் பிடித்திருந்த ஒரு பெண், வெள்ளைச் சேட்டும் சாரமும் உடுத்த வயதான சிங்களவர் ஒருவர்... ஒன்றாக வந்தவர்கள் என்பது தெரிந்தது. ஒரே குடும்பம் இல்லை என்பதும் தெரிந்தது.

எங்கள் ஆட்களுக்குச் செத்தவீட்டிலும் விடுப்புக் கேட்காமல், துருவிப் பாராமல் இருக்க முடியுமா? சித்தப்பா எழும்பிப் போனார்.

“நீங்கள் ஆர்? நேசனை எப்பிடித் தெரியும்?”

தொப்பிக்காரர் தடுமாறினார். “கூட வேலை செஞ்ச நாங்க.”

சித்தப்பாவின் முகம் மாறிவிட்டது. அண்ணா வேலைக்குப் போகாமல் விட்டு எத்தனையோ வருஷம். திரும்பி வந்து என் காதுக்குள், ஆனால் பந்தலுக்கே கேட்கிற மாதிரி, சொன்னார்:

“குடிகாரக் கூட்டாளியள் போல.”

அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லும் உரிமை எனக்கில்லை.

நேசன் அண்ணா மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். நல்ல கை. அப்படி இருந்தவருக்கு ஒருநாள், வேறு ஒருவருக்கும் கேட்காத ஒரு குரல் கேட்கத் தொடங்கியது. முதலில் ரேடியோவைக் கழற்றிப் பார்த்தார். பிறகு ஃபேனை. பிறகு பிரிட்ஜை. குசினி முழுக்க ஸ்குரூவும் வயரும். “சத்தம் எங்கையோ இருந்துதானே வருது வசந்தி... பிழை எங்கை எண்டு பிடிச்சால் நிப்பாட்டிப்போடலாம்” என்று அண்ணியிடம் கெஞ்சுவாராம்.

பிடிபடவில்லை. சாராயம் குடித்தால் குரல் கொஞ்சம் அடங்கியது. அதனால் குடித்தார். வெறி முறிந்ததும் குரல் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அதனால் இன்னும் குடித்தார்.

யுத்தம்தான் காரணம் என்றார்கள் சிலர். சுனாமி என்றார்கள் சிலர். செய்வினை என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. காரணத்துக்கு எங்கள் குடும்பத்தில் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை.

அண்ணி அவரைக் கூட்டிக்கொண்டு அலைந்த அலைச்சல் இருக்கிறதே... மனநோய்க்கு மருந்து கேட்டுப் போன இடத்தில், “முதல்ல குடியை விட்டிட்டு வாங்கோ” என்றார்கள். குடியை மறக்கவைக்கும் இடத்துக்குப் போனால், “குரல் கேக்கிற ஆக்களை வச்சுப் பாக்க எங்களுக்கு ஏலாது. முதல்ல அதைச் சுகப்படுத்திக்கொண்டு வாங்கோ” என்றார்கள்.

முதலில் எது? அது தெரியாமல் ஒரு மனிதர் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

அலைந்து அலைந்து ஒருவழியாக மருந்துக் குளிசை எழுதி வாங்கிய பிறகு, குடியை விட்டவர்கள் கூடுகிற ஒரு கூட்டத்துக்கும் போனார். நல்ல மனிதர்கள்தான். ஆனால் அதில் ஒருவர், நல்லதென்று நினைத்துத்தான், “குளிசையும் ஒரு போதைதான் தம்பி” என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பின்னேரமே அண்ணா தன் குளிசைகள் எல்லாவற்றையும் கடலில் எறிந்தார். அடுத்த கிழமை அவரைக் கட்டிலோடு கட்டித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அதற்குப் பிறகுதான் உப்புவெளியில் ஒரு சின்னக் கூட்டம் நடக்கிறது என்று தெரிந்தது. ஓய்வுபெற்ற தாதி ஒருவர் தொடங்கியது. குடியோ போதைத்தூளோ ஒரு பக்கம், மனவருத்தம் மறுபக்கம் – இரண்டும் உள்ளவர்களுக்கு மட்டும். சனிக்கிழமை பின்னேரம், ஒரு நேர்சரிப் பள்ளிக்கூடத்தில். பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில், முழங்கால் நாடியில் இடிக்க, வளர்ந்தவர்கள் வட்டமாக இருப்பார்கள். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: அங்கே சொன்னது அங்கேயே இருக்கும்.

முதல்நாள் நான்தான் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். முடியும்வரை வெளியே மரத்துக்குக் கீழே நின்றேன். வெளியே வந்தார்.

“எப்பிடி அண்ணா?”

“சின்னக் கதிரை. குனிஞ்சு இருந்து நாரி நோகுது.”

அவ்வளவுதான். டவுனைத் தாண்டிய பிறகு, பின்னால் இருந்து, காற்றோடு காற்றாகச் சொன்னார்:

“ரெண்டையும் ஒரே இடத்தில சொன்னனான். ஒருத்தரும் எழும்பிப் போகேல்லை.”

பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. குடி நின்றது, ஒருமுறை சறுக்கினார். அன்றைக்குக் கிண்ணியாவிலிருந்து பஸ் பிடித்து வந்து பக்கத்தில் இருந்தவர் இந்தத் தொப்பிக்காரர்தான். பரீத் நானா – எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். குளிசை ஒழுங்காகப் போனது. குரல்? “நிக்கேல்லை. ஆனா இப்ப நான் அதுக்கு மறுமொழி சொல்லுறேல்லை” என்று அண்ணா சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு காலம்!

ஆனால் கல்லீரல் இருக்கிறதே... அது மனம் திருந்தியதைக் கணக்கில் எடுப்பதில்லை. டொக்டர் கையை விரித்தபோது அண்ணா குடியை விட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தக் கூட்டம் கொஞ்சம் முந்தித் தொடங்கியிருந்தால் என்று அண்ணி இப்போதும் கேட்கிறார்.

செத்தவீட்டுக்கு வருவோம். காலையிலேயே சொந்தக்காரர் கூடி முடிவெடுத்துவிட்டார்கள் – ஹார்ட் அட்டாக். கேட்டவர்கள் எல்லோருக்கும் அதுதான் பதில்.

பந்தலில் எழுந்த குசுகுசுப்பு அண்ணியின் காதுக்குப் போயிருக்க வேண்டும். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தவர் எழும்பி, அவிழ்ந்த தலையோடு நேராகப் படலைக்கு நடந்தார்.

“ஏன் நானா வெளியில நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ.”

பிறகு பந்தலைத் திரும்பிப் பார்த்தார்.

“இவையள் அவரோட குடிச்ச ஆக்கள் இல்லை. அவரோட சேர்ந்து குடியை விட்ட ஆக்கள். அவருக்குக் குடியும் இருந்தது, மனவருத்தமும் இருந்தது. நாங்கள் எல்லாரும் ரெண்டையும் மறைச்சனாங்கள். இவையள்தான் இருந்து கேட்டவை.”

சித்தப்பா குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் உள்ளே வந்தார்கள். சிங்களவர் கைகூப்பியபடி அண்ணாவின் கால்மாட்டில் நெடுநேரம் நின்றார். கந்தளாயிலிருந்து வருகிறவர், தமிழ் பாதிதான் விளங்கும். அந்தப் பாதியே போதுமாக இருந்திருக்கிறது.

அப்போதுதான் அண்ணி அதைக் கேட்டார்.

“நானா... அங்க அவர் என்ன கதைக்கிறவர்? என்னைப் பற்றி ஏதும் சொன்னவரே?”

வீட்டில் அண்ணா கதைப்பது குறைந்து பல காலம். அண்ணியின் கேள்விக்குப் பின்னால் அத்தனை காலமும் நின்றது.

பரீத் நானாவின் கண் கலங்கிவிட்டது. “தங்கச்சி, அதை மட்டும் கேக்காதீங்க. அங்க சொன்னதை வெளிய சொல்லமாட்டம் எண்டு அவருக்கு வாக்குக் குடுத்த நாங்க. ஆள் மௌத்தாகி மண்ணுக்குப் போனாலும் வாக்கு வாக்குத்தான்.”

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன். தாலி கழற்றப்போகிற ஒரு பெண் கேட்கிறாள். ஒரு நல்ல வார்த்தை, பொய்யாகவேனும், சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அண்ணி தலையை ஆட்டினார்.

“சரி நானா. சொல்லவேண்டாம்.” காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. “நம்பிச் சொல்ல அவருக்கு ஒரு இடமாவது இருந்திருக்கே... எங்கட வீட்டில அது இருக்கேல்லையே.”

பிறகு எடுத்துக்கொண்டு போனார்கள். பெட்டியின் ஒரு மூலையில் பரீத் நானாவின் தோளும் இருந்தது.

நேற்று எனக்கு ஒரு போன். அன்றைக்குப் பந்தலில் இருந்த ஒருவர்தான். நலம் விசாரித்தார், வெயிலைப் பற்றிக் கதைத்தார், இழுத்தார்...

“பிள்ளை, அண்டைக்கு வந்தவையளின்ரை கூட்டம் எங்கை, எப்ப நடக்கிறது? எங்களுக்கு இல்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு.”

நாளையும் இடத்தையும் சொன்னேன். ஆள் யார் என்று கேட்கவில்லை. பின்னேரம் இன்னொரு போன். அவருக்கும் ‘தெரிஞ்ச ஒரு ஆள்’ இருந்தார்.

தெரிந்த ஒரு ஆள் இல்லாத வீடு நம் ஊரில் எது, சொல்லுங்கள்?