சம்பந்தியம்மா கொடுத்த செடியில் மாவுப்பூச்சி

பெர்னிக் ஊரில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன் லூபென். அந்தரத்தில் நின்றுபோன பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிற ஆள். அவனையே போன வாரம் ஒரு பூந்தொட்டி பயமுறுத்திவிட்டது.

மகனுடைய நிச்சயத்தன்று பெண்ணின் அம்மா சோன்கா கொண்டுவந்த மெழுகுப்பூக் கொடி அது. தன் வீட்டுக் கொடியில் கிள்ளி, வேர்பிடிக்க வைத்து, சிவப்பு நாடா கட்டிக் கொடுத்தாள். லூபென் மரியாதை தெரிந்தவன் மாதிரி, "ரொம்ப நன்றிங்க" என்று சத்தமாகச் சொல்லித் தொலைத்தான். செடி கொடுத்தவருக்கு நன்றி சொன்னால் அந்தச் செடி தங்காது. இது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சோன்காவின் முகம் சுண்டிவிட்டது.

இப்போது இலைக்காம்பு இடுக்கெல்லாம் பஞ்சு பஞ்சாக வெள்ளை. மாவுப்பூச்சி.

"வாயா அது? குப்பைத்தொட்டிக்குக்கூட மூடி இருக்குய்யா" என்றாள் அவன் மனைவி ஷிவ்கா.

"நன்றி சொன்னா பூச்சி வருமாடி? மண்ணுல வந்திருக்கும்."

"ஞாயித்துக்கிழமை சம்பந்தியம்மா சாப்பிட வர்றாங்க. நேரா ஜன்னலத்தான் பாப்பாங்க. ஒரு செடி தங்காத வீட்டுல எம்பொண்ணு எப்படித் தங்குவான்னு கேட்டா, அப்ப மண்ணப் பத்திப் பேசு."

அது அவன் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கியது. தொட்டியை மற்ற செடிகளிடமிருந்து பிரித்து வைத்தான். துணி சோப்பைக் கரைத்து இலை இலையாகத் துடைத்தான். பல்குச்சியால் இடுக்குகளை நோண்டினான். விடிந்து பார்த்தால் மறுபடியும் வெள்ளை. வேலையில் கம்பிக்கு மசகு போடும்போதும் அவன் கண்ணில் அந்த வெள்ளைதான் ஊர்ந்தது.

சனிக்கிழமை பொறுமை போய்விட்டது. ரக்கியா என்ற பழச்சாராயம் காய்ச்சும்போது முதலில் சொட்டுவதை யாரும் குடிப்பதில்லை. மூட்டுவலிக்குத் தேய்க்க எடுத்து வைப்பார்கள். நெருப்பு மாதிரி இருக்கும். அதை எடுத்துச் செடியின் தலையில் கவிழ்த்தான். பூச்சி செத்தது. ஞாயிறு காலையில் இலையெல்லாம் வெந்த முட்டைக்கோஸ் மாதிரித் தொங்கியது.

வாசல் மணி அடித்ததும் பூந்தொட்டியைத் தூக்கிக் குளியல் தொட்டிக்குள் ஒளித்துத் திரையை இழுத்துவிட்டான். சோன்கா உள்ளே வந்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"கை கழுவிட்டு வர்றேன்" என்றாள்.

ஷிவ்கா சிலுவைக்குறி போட்டாள். திரை வளையங்கள் கிரீச்சிடும் சத்தம். பிறகு சோன்கா பூந்தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"சம்பந்தி, இதுல என்னத்த ஊத்துனீங்க?"

"முதல் வடி."

"பஞ்சுல தொட்டு பூச்சி மேல மட்டும் வைக்கணும். நீங்க கல்யாண வீட்டுல ஊத்துற மாதிரி ஊத்தியிருக்கீங்க."

"பூச்சி செத்துருச்சுங்க."

"செடியுந்தான்."

"தப்பு என் வாய் மேலதான். அத வச்சு புள்ளைங்களப் பிரிச்சிராதீங்க."

சோன்கா பூந்தொட்டியைக் கீழே வைத்தாள். உட்கார்ந்து அடைத்த குடைமிளகாயைச் சாப்பிட்டாள். தயிர் கேட்டாள். கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, கதவைப் பார்த்துப் பேசினாள்.

"புதன்கிழமை நான் வேலைக்குப் போயிருவேன். சாவி பக்கத்து வீட்டுல இருக்கும். கொடி சமையலறை ஜன்னல்ல தொங்குது. நான் எதையும் குடுக்கல. எதையும் பாக்கவும் இல்ல. எம்பொண்ணு இங்கதான் வரப்போறா, செடி ஒண்ணு இருக்கட்டும்."

திருடிய கிளைதான் நன்றாக வேர்விடும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் வேலையிடத்திலிருந்து ஒரு திருகாணிகூட எடுக்காதவன் லூபென். புதன்கிழமை சம்பந்தி வீட்டுச் சமையலறையில் காலுறையோடு நின்றான். இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, கணுவுக்குக் கணு பார்த்தான். வெள்ளை இல்லை. நகவெட்டுக் கத்தரியால் ஒரு கிளையை வெட்டிக் கோட்டுக்குள் சொருகினான்.

சாவியை வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி, "எடுத்துட்டியா தம்பி?" என்று கண்ணடித்தாள்.

நன்றி என்று வாய் வரைக்கும் வந்தது. கடித்து விழுங்கினான்.

"எத?" என்றான்.

வீட்டு வாசலில் ஷிவ்கா பூதக்கண்ணாடியோடு நின்றாள். "உள்ள வராத. மொதல்ல இலையத் திருப்பிக் காட்டு."